யோபு அண்டு சன்ஸ் தைத்த வாசனை

எங்கள் கொம்பன்பேரியில் சித்திரை பிறந்தால் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும்: குளம் வற்றும், மாப்பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். குளம் வற்றுவதற்காவது மழையைத் திட்டலாம், மாப்பிள்ளைகள் விழுவதற்கு முழுப் பொறுப்பும் கோட்டுதான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கோட்டு சூட்டோடுதான் சர்ச்சில் நிற்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரி எந்தக் காலத்திலோ, அநேகமாக ஒரு மார்கழியில், சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். நாங்கள் அதைப் பத்துக் கட்டளையோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே, காற்றாடி நின்று நின்று சுற்றும் பீடத்துக்கு முன்னே, நல்ல கம்பளித் துணிக்குள் எங்கள் பிள்ளைகளைத் திணித்து நிறுத்தி, பிரசங்கம் முடிவதற்குள் தண்ணீர் தெளித்து எழுப்பி, மோதிரம் போட வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அந்தக் கோட்டை மாப்பிள்ளைக்குத் தைத்துக் கொடுப்பது பெண்வீட்டார் கடமை. கல்யாணம் முடிந்ததும் அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்தால், அதை அவன் மறுபடி போடுவது பெட்டியில் படுக்கிற அன்றைக்குத்தான், அன்றைக்கு யாருக்கும் வியர்ப்பதில்லை.

அந்தக் கோட்டுகள் எல்லாவற்றையும் தைத்தவர் யோபு மாஸ்டர். கடைக்குப் பெயர் யோபு அண்டு சன்ஸ், ஆனால் மாஸ்டருக்குக் கல்யாணமே ஆகவில்லை. போர்டு எழுத வந்தவன் வலது பக்கம் இடம் மிச்சமிருக்கிறதே என்று அந்த சன்ஸை எழுதிவிட்டுப் போனான், மாஸ்டரும் இல்லாத மகன்களைப் பற்றி வருத்தப்படாமல் போர்டை மாட்டிக்கொண்டார். ஒரு வைகாசியில், வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த முற்பகலில், அவர் சுகிர்தராஜ் என்கிற கனத்த மாப்பிள்ளையின் கோட்டைச் சிரட்டைக் கரிப் பெட்டியால் கடைசித் தேய்ப்புத் தேய்த்து, ஆளுருவக் கட்டையில் மாட்டி, எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய், வடை சின்னதாகிவிட்டது என்று சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் துணி இல்லை. கருகவில்லை, சாம்பல் விழவில்லை, திருடன் வந்த தடமும் இல்லை. துணி போயிருந்தது, கோட்டின் வாசனை மட்டும் கோட்டாகவே கட்டையின்மேல் நின்றுகொண்டிருந்தது.

மாஸ்டர் மூக்கால் தடவிப் பார்த்தார். கழுத்துப் பட்டையில் புதுக் கம்பளியின் மணம், தோளில் கரிப்பெட்டியின் ஆவி, மார்பில் நார்த்தங்காய்த் தோல் கிள்ளியது போல ஒரு கூர்மை, உள்பக்க லைனிங்கில் வெட்டிவேரும் சந்தனமும், கைமடிப்பில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியின் மாவு வாசம், அதற்கு ஒரு நூல் அகலம் தாண்டினால் ஒன்றுமில்லை, வெறும் காற்று. மூன்று பட்டன்கள் ஏலக்காய் வாசத்தில் வரிசையாக இருந்தன. சுகிர்தராஜின் இடது தோள் சரிவை மறைக்க அவர் உள்ளே வைத்துத் தைத்த பஞ்சுகூட அந்த இடத்தில் வாசனையாகக் கொஞ்சம் தடித்திருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது, எந்த டெய்லரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், கையைத் தூக்கச் சொல்லி மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டார்.

எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு மாப்பிள்ளை பிரசங்கம் முடியும்வரை நின்றான். வெள்ளைச் சட்டைக்குமேல் அந்த வாசனையைப் போட்டுக்கொண்டு அவன் உள்ளே நடந்து வந்தபோது பெஞ்சில் சரிந்து கிடந்த கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், வேட்டி கட்டியவர்கள் வேட்டியைச் சரிசெய்தார்கள், பாடகர் குழு அன்றைக்குச் சுருதி பிசகவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் கோட்டைப் பற்றித்தான் பேசினோம், ஆனால் ஒருவரும் இது எப்படி என்று கேட்கவில்லை. "தோள்பட்ட நல்லா உக்காந்திருக்கு, இடுப்புலதான் கொஞ்சம் பிடிக்கி" என்றார் ஒருவர், மற்றவர்கள் ஆமாம் என்றோம்.

அதற்குப்பின் யார் துணிக்கோட்டுத் தைப்பார்கள்? மாஸ்டர் அளவெடுத்துத் தைத்து, தேய்த்து, டீக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார், வாசனை நிற்கும், அதை மடித்து பழைய இருமல் மருந்து பாட்டிலில் போட்டு மூடிக் கொடுப்பார். வாசனையைக் கோட்டு என்று ஒப்புக்கொள்ளலாமா என்று சர்ச் கமிட்டி கூடியது. வேதத்தில் தேவனே நறுமணத்தை ஏற்றுக்கொண்டிருக்கும்போது கொம்பன்பேரிக் கமிட்டி எதற்கு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று போதகர் கேட்டதும் கலைந்தது. இஸ்திரிக்காரர் தன் பிழைப்புப் போச்சு என்று மூன்று நாள் கடையை மூடினார், பிறகு வாசனையையும் தேய்க்கக் கற்றுக்கொண்டார். பஞ்சாயத்துத் தலைவர் தொப்பை தெரியாத வாசனை ஒன்று கேட்டு வாங்கி, முதல் நாளே ஜீப்பில் ஏறும்போது பின்பக்கம் கிழித்துக்கொண்டார், அவர் திரும்பி நின்றால் மட்டும் அவருடைய சொந்த வாசம் அடிக்கும், நாங்கள் மரியாதைக்கு முன்பக்கமாகவே நின்று பேசினோம். அண்ணன் வாசனையைத் தம்பி திருட்டுத்தனமாகப் போட்டால் அது தொளதொளவென்று தரையில் இழுபட்டு, ஆடுகள் பின்னாலேயே மிதித்துக்கொண்டு வந்து காட்டிக்கொடுக்கும். உள்பாக்கெட்டில் பீடி வைத்தவர்கள் எவருக்கும் அந்தப் பீடி திரும்பக் கிடைக்கவில்லை. பெண்கள் தங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டபோது, பிளவுசு வேறு தொழில், அதில் தலையிட்டு உயிரை விட முடியாது என்று மாஸ்டர் கும்பிட்டார்.

இப்படி எல்லாம் பழகிப்போன பிறகுதான் ஜெபக்கனியின் கல்யாணம் வந்தது.

ஜெபக்கனி எங்கள் ஊர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தினதே தெரியாது, அவள் முகத்திலும் ஒன்றும் தெரியாது. சோதனைக்கு வந்த பாட்டில்கள் வரிசையாக இருக்கும் மேசையிலேயே டிபன் டப்பாவைத் திறந்துவைத்து நிதானமாகச் சாப்பிடுவாள், பார்க்கிறவர்கள்தான் வெளியே ஓடுவார்கள். முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போனது, ஒரு வீட்டில் அவளே எதையோ வெளிப்படையாகச் சொல்லப்போய்த் தட்டிப்போனது என்றும் கேள்வி. அவள் அப்பா வேதமுத்து ரிட்டயரான டிரில் மாஸ்டர், விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்கும். இந்தத் தடவை மகள் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஆல்வினைப் பேசி முடித்தார். ஆல்வினை அவள் போனில் பார்த்திருந்தாள். நல்ல முகம்தான், பாதி நேரம் அவளைப் பார்க்காமல் திரையின் மூலையில் தெரியும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆல்வினுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில்தான் வந்து இறங்க லீவு கிடைத்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்குத் துணி தைக்க எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. அதே உடம்பு வாகு உள்ள ஒருத்தனை டெய்லரிடம் அனுப்பினால் போதும், அவனுக்கு அளவாள் என்று பெயர், கால் அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் சட்டை கோபித்துக்கொள்ளாது. வாசனைக்கு இதுவரை யாரும் அளவாள் அனுப்பியதில்லை, அனுப்பினால் என்ன ஆகும் என்று நாங்கள் ஒருவர்கூட யோசிக்கவில்லை. ஆல்வின் தன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி பால்துரைக்கு போன் போட்டான்.

"ஏலே, நீயும் நானும் ஒரே ஒடம்புல்லா. மாஸ்டர் கடையில போயி நின்னுட்டு வா."

"நானால? என்னய அந்தக் கடைக்குள்ள விடுவாவளா?" என்றான் பால்துரை.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பால்துரை சந்தையின் மேற்கு மூலையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தான், அவன் அப்பாவும் அதே மூலையில் அதே கடைதான் வைத்திருந்தார், நெத்திலியும் சாளையும் வாளையும் அவன் தோலுக்குள் இரண்டு தலைமுறையாக ஊறியிருந்தன. அவன் நடந்தால் பூனைகள் ஊர்வலம் போகும். பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் மூன்று பேர் சீட்டு அவனுக்கே கிடைக்கும், சர்ச்சில் கடைசி பெஞ்சு அவனுடையது, நல்ல மனுஷன் என்று எல்லாரும் பத்தடி தள்ளி நின்று சொல்வோம். மாஸ்டர் கிராம்புத் தைலம் தடவிய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அளவெடுத்தார், கழுத்து, தோள், மார்பு, கை என்று ஒன்று விடாமல். தைத்து, தேய்த்து, டீக்கடையில் சண்டை போட்டுவிட்டு வந்து, பொருத்தம் பார்க்க பால்துரைக்குப் போட்டுவிட்டார். அத்தனை மாப்பிள்ளைகளுக்குத் தைத்ததில் அதுபோல் ஒன்று உட்கார்ந்ததில்லை, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை, கருவாட்டின் சுவடே இல்லை.

பிறகு கழற்றப் போனால் கழலவில்லை.

"ஏன் மாஸ்டர், பட்டன் சிக்கிட்டா?"

"பட்டன் கழறுதுடே. கோட்டு எறங்கமாட்டேங்கு. துணின்னா சொன்னதக் கேக்கும், இது அளவெடுத்த ஒடம்பத்தான் கேக்கும் போல." மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "நீ போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போ, மாப்பிள வரட்டும், பாப்போம்."

அன்று சாயந்திரம் பஸ்ஸில் பால்துரைக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கி, அவன் தோளில் சாய்ந்துகொண்டார். பால்துரை இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், சத்தமில்லாமல் அழுதுகொண்டு, நடந்து திரும்பி வந்தான். வீட்டில் அவன் அம்மாவே கதவைத் திறந்து, "யாரு சார் வேணும்?" என்று கேட்டாள். பேங்கில் மேனேஜர் எழுந்து நின்றார். கருவாடு இரண்டு மடங்கு விற்றது. பூனைகள் மட்டும் கடை வாசலில் உட்கார்ந்து, ஆளைத் தொலைத்துவிட்ட மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

வேதமுத்து விசிலோடு வந்தார். பெண்வீட்டார் தைத்துக் கொடுத்த கோட்டை ஒரு கருவாட்டு வியாபாரி போட்டுக்கொண்டு சந்தையில் திரிந்தால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்தார், கடலில் கழுத்துவரை நிறுத்தி விசில் அடித்து அடித்து முங்க வைத்தார், சாம்பிராணிப் புகை போட்டார், கருவாட்டுக் குடோனுக்குள் ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைத்தார். ஒவ்வொரு தடவையும் வாசனை புதிதாகத் தேய்த்தது போல விறைத்துக்கொண்டு வெளியே வந்தது. பால்துரை சொன்னதையெல்லாம் செய்தான், வாயால் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னான், ஆனால் அவன் தோள் இரண்டும் வேண்டும் என்று நின்றதை நாங்கள் பார்த்தோம். கடைசியில் கமிட்டி கூடி, பால்துரையை மாப்பிள்ளைத் தோழனாக்கி, ஆல்வினை ஒட்டிக்கொண்டு நிற்க வைத்துவிட்டால் வாசனை இரண்டு பேருக்கும் போதும் என்று ஒரு வழி சொன்னது.

ஆல்வின் அதற்கு ஒப்பவில்லை. முந்தின நாள் காலையில் டாக்சியில் வந்து இறங்கியவன் நேரே மாஸ்டர் கடைக்குத்தான் வந்தான். ஏர்போர்ட்டில் வாங்கிய ஏதோ ஒரு சென்ட்டை அடித்திருந்தான், விலை கூடியதுதான், ஆனாலும் ரெடிமேட் ரெடிமேட்தானே, தோளில் நிற்காமல் சரிந்து, கை நீளமாகி, விரல்நுனியைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக் கோட்டைப் பெண்வீட்டார் வந்து பார்ப்பது வழக்கம், அதனால் வேதமுத்துவும் ஜெபக்கனியும் கடைக்குள் இருந்தார்கள், ஊர் வாசலில் இருந்தது.

"பிரிச்சு எனக்கு ஆல்ட்ரேஷன் பண்ணிக் குடுங்க மாஸ்டர்" என்றான் ஆல்வின்.

"பிரிக்கலாம் தம்பி. ஆனா இது அவன் ஒடம்போட சேந்து தையலாயிட்டு. தானாக் கிழிஞ்சு விழுந்தா அது வேற, பிளேடு வச்சுத் தையலப் பிரிச்சா அவன் சொந்த வாசனையும் கூடவே வந்துரும். பொறவு அவன் மேல எந்த வாசனையும் நிக்காது, நல்லதும் நிக்காது, கருவாடும் நிக்காது."

"அதனால என்ன?"

"நாயி பூனகூட அவன ஆளுன்னு மதிக்காது தம்பி. ஆளு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

ஆல்வின் போனைப் பார்த்துக்கொண்டே, "எவ்ளோ நேரமாவும்?" என்று கேட்டான்.

பால்துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்கிய மனுஷனை அவன் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் முன்னால் வந்து, மாஸ்டருக்கு வசதியாக விளக்குக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் தூக்கினான். "பிரிங்க மாஸ்டர். அவன் கல்யாணம், அவன் கோட்டு. நான் அளவுக்கு நின்னவன்தான."

மாஸ்டர் பிளேடை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கை அக்குளில் முதல் தையலைப் பிரித்தார். கடைக்குள் நார்த்தங்காய் வாசம் ஒரு நூலாக அவிழ்ந்து ஓடியது. இரண்டாவது தையலைப் பிரித்தபோது, வெட்டுமேசைக்குக் கீழே படுத்திருந்த கடைப்பூனை எழுந்து வந்து பால்துரையின் இடது காலை முகர்ந்து பார்த்து, அதைக் கம்பம் என்று நினைத்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. பால்துரை கையை இறக்கவில்லை.

"பால்தொரை, கைய எறக்குங்க."

சொன்னது ஜெபக்கனி. சத்தம்கூடப் போடவில்லை, ரத்தம் எடுத்து முடித்ததும் பஞ்சை வைத்து மடக்கச் சொல்வாளே, அந்தக் குரல். ஊரில் எந்த ஆம்பிளையையும் அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், பால்துரையையும் அது வரைக்கும் பால்தொரை அண்ணேதான். அந்த அண்ணே இப்போது அங்கே இல்லை. வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும் அதைத் தேடினோம், வேதமுத்து விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து அதையேதான் தேடிக்கொண்டிருந்தார்.

"எப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள் ஜெபக்கனி. பிறகு ஆல்வினைப் பார்த்து, "நீங்க வந்து அளவு குடுத்திருக்கணும். வர முடியலன்னா கோட்டு இல்லாமலே நின்னிருக்கலாம். ஒரு மனுசன உரிச்சுத் தாங்கன்னு கேட்டுட்டு போனப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்றாள்.

ஆல்வின் சிரித்தான். "கருவாட்டுக்காரன் வாசனையில மயங்கிட்டா" என்று வாசலில் நின்ற எங்களிடம் சொன்னான், நாங்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவன் டாக்சியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான், அந்த ரெடிமேட் வாசனையின் வால் கதவில் சிக்கிக்கொண்டு ஏர்போர்ட் வரைக்கும் ரோட்டில் படபடத்துக்கொண்டு போனது. எங்களுக்கு அப்போதைய கவலை பிரியாணி. ஆடு வெட்டியாகிவிட்டது, அரிசி களைந்தாகிவிட்டது, மறுநாள் கல்யாணம் இல்லாமலே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பால்துரையைத்தான் கட்டுவேன் என்று ஜெபக்கனி சொன்னதற்கு வேதமுத்து விசில் ஊதவில்லை. இரண்டு பேருக்கும் முறைப்படி மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, இல்லை என்று சொல்லி, நான்காவது வாரம் மறுபடியும் சாப்பிட்டோம். மாஸ்டர் அந்த இரண்டு தையலையும் திரும்பப் போட்டுக் கொடுத்தார்.

கல்யாணம் ஆனது, ஆனால் ஊர் அதைக் கல்யாணமாக எடுத்துக்கொள்ளவில்லை, கோட்டின் ஆயுளாகத்தான் எடுத்துக்கொண்டது. வாசனை இருக்கிறவரைக்கும் இருப்பாள், கிழிந்த அன்றைக்குப் பெட்டியைக் கட்டுவாள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம், பால்துரையின் காதிலும் விழும்படியாகவே பேசினோம். பாவம், அவன் அந்தக் கோட்டுக்குக் காவல்காரன் ஆனான். படுத்தால் கசங்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினான், அவள் கேட்டால் முதுகுவலி என்றான். கருவாட்டைக் கையால் தொடாமல் மூங்கில் கம்பின் நுனியில் கொக்கி கட்டி எடுத்துக் கொடுத்தான். மழை வந்தால் ஓடினான், வெயில் வந்தால் ஓடினான், வாசல் வரைக்கும் வந்து பார்த்த பூனைகளை மனசு கேட்காமல் கல்லெடுத்து விரட்டினான். புதுப் பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்தால் தையல் விட்டுவிடுமோ என்று அரை அடி தள்ளியே நின்றான்.

இதில் அவன் செய்த ஒரே தப்பு சாப்பாடு. ஜெபக்கனி பால் காய்ச்சினால் அடிபிடிக்கும், சோறு வடித்தால் தெருக்கோடி வரைக்கும் கருகல் வரும், அவள் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி இருப்பாள். பால்துரை அதைப் பாயசம் மாதிரி ரசித்துச் சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினான், கல்யாணம் ஆன ஆம்பிளைகளுக்கு வருகிற தொப்பை அவனுக்கும் வந்தது. முதல் பட்டன் ஒரு ஞானஸ்நான விருந்தில் தெறித்தது, சாம்பார் வாளியில் ஏலக்காய் மணத்தது. இரண்டாவது, சீலாக் கருவாட்டு மூட்டைக்குக் குனிந்தபோது போனது. ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை நிறைந்திருந்த நேரத்தில், அவன் தும்மினான், மூன்றாவதும் போய், முதுகுத் தையல் மேலிருந்து கீழ்வரைக்கும் விட்டு, அந்த நார்த்தங்காயும் வெட்டிவேரும் சந்தனமும் அவன் காலடியில் விழுந்தன. எங்கிருந்தோ வந்த ஒரு கிடா அதற்குள் தலையை நுழைத்துப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டது. அந்தக் கிடாவை வெட்ட இன்றைக்கும் யாருக்கும் மனசு வரவில்லை, எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறோம்.

பால்துரை கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். இரண்டு தலைமுறைக் கருவாடும் அவனுக்கு முன்னால் நடந்தது. பின்னால் பூனைகள், ஆறேழு மாதத்துப் பாக்கி முழுவதையும் சேர்த்துக் கத்திக்கொண்டு. பூனைகளுக்குப் பின்னால் நாங்கள். துக்கம் கேட்கப் போகிறோம் என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், ஆனால் யாரும் வாசலுக்குப் போகவில்லை, எல்லாரும் சன்னலுக்குத்தான் போனோம்.

ஜெபக்கனி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் கதவோரத்திலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"போயிட்டு" என்றான்.

"எது?"

"கோட்டு. வாசன. சந்தையில வச்சு எல்லாரும் பாக்கப் போயிட்டு. நீ ஒங்க அப்பா வீட்டுக்குப் போணும்னா நான் வண்டி சொல்லுதேன், கோவிச்சுக்க மாட்டேன்." அதற்குமேல் அவனால் முடியவில்லை, கதவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

ஜெபக்கனி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "எனக்கு அது வந்ததே தெரியாது. போனது மட்டும் எப்படித் தெரியும்?"

பால்துரை நிமிர்ந்து பார்த்தான். சன்னலில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு. காலேஜ்ல படிக்கும்போது ஒரு காய்ச்ச வந்துச்சு, அதோட போச்சு. மல்லியப்பூவும் தெரியாது, மலமும் தெரியாது. ஒரு மாப்பிள வீட்ல சொன்னேன், கொறையுள்ள பொண்ணுன்னு போயிட்டாவ. அதுக்குப் பொறவு எங்கப்பா வெளியில மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. ஊரு மூக்கப் பொத்துனா நானும் பொத்துவேன், ஊரு ஆகான்னா நானும் ஆகா. நீங்க எந்திரிச்சு ஓடிருவியளோன்னு நானுந்தான் பயந்துக்கிட்டே இருந்தேன்."

"அப்பம் கருவாடு?"

"அதுவும் தெரியாது."

அவனுக்கு இன்னும் புரியவில்லை. "பின்ன எதப் பாத்து என்னயக் கட்டுன?"

"கையத் தூக்கிட்டு நின்னியளே, அதத்தான். அந்தக் கடையில எல்லாருக்கும் கோட்டு தெரிஞ்சிது. எனக்கு அங்க ஒரு ஆளுதான் தெரிஞ்சாரு."

சன்னலுக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அது வேதமுத்து. பால்துரைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாத ஒரு மனுஷன் செய்கிற காரியமாக, இரண்டு கையையும் மறுபடி மேலே தூக்கினான். ஜெபக்கனி அந்தக் கைகளுக்குள் போய் நின்றுகொண்டாள், அடுப்பில் பால் அடிபிடிக்கத் தொடங்கியது, ஊர் முழுவதற்கும் அந்த வாசம் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை, அவன் சொல்லவில்லை. திறந்து கிடந்த கதவு வழியாகப் பூனைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.